கிட்ட வந்து உறுமணும்

ஏப்ரல் 17, வியாழன்

பேசக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை கூடாது. இருமக்கூடாது, செருமக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது கத்துவதைவிடத் தொண்டைக்குக் கேடு என்கிறார் டாக்டரம்மா. அப்படியென்றால் பூசை நேரத்தில் பின்வரிசையில் நிற்கிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் எப்போதோ தொண்டை போயிருக்க வேண்டுமே என்று கேட்க வாயெடுத்தேன். அதுவும் கூடாதாம்.

அதனால்தான் இந்த டைரி. புத்தாண்டுக்கு ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் கொடுத்தது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்குப் பிறகு நான் தொடர்ச்சியாக இத்தனை வரி எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பரீட்சையின் முடிவு நினைவிருப்பதால் யாரும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர் ரெமிஜியுஸ் கொரேரா. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்காரன். போட் கரைக்கு வந்ததும் மீனைக் கூறு கட்டி, நடுவில் நின்று விலை கூவுகிறவன். மூன்று போட்டுக்குச் சொந்தக்காரரான லெம்பேர்ட் முதலாளி என்னைப் பற்றி ஒன்று சொல்வார்: "ரெமிக்கு லைட்ஹவுஸ் வேலை குடுத்திருக்கலாம். வெளிச்சம் வேண்டாம், சத்தமே போதும்." அந்தச் சத்தம்தான் குரல்நாணில் மிளகளவு ஒரு கட்டியை வளர்த்துவிட்டது. நேற்று வெட்டி எடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பயமில்லாத கட்டிதான். ஆனால் குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா "பாக்கலாம்" என்றார். ஏலத்தில் "பாக்கலாம்" என்கிறவன் மீன் வாங்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூன் பாதி வரைக்கும் மீன் குஞ்சு பொரிக்க விடவேண்டுமாம். எனக்கும் தடைக்காலம். நான் என்னத்தைப் பொரிக்கப்போகிறேனோ தெரியவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. ஊரே மௌனம். இன்றைக்கு ஒருநாள் நான் மற்ற மனிதர்களைப் போல இருந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். இதை எழுதும்போதும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறேன். சிரிக்கவும் தடை.

என் மகள் ஜெசிந்தா கோயில் பாடகர் குழுவில் சொப்ரானோ. சொப்ரானோ என்றால் பெண் குரலிலேயே உச்சியில் பாடுகிறவள் என்று அவள்தான் சொன்னாள். பி.காம். முடித்துவிட்டு மேல்நாட்டுச் சங்கீதத்தில் கிரேடு பரீட்சைகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்று காலைப் பூசையில் அவள்தான் தனியாக அல்லேலூயா பாடவேண்டும்.

முதல் இரண்டு அல்லேலூயா நன்றாகத்தான் போனது. மூன்றாவது, கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் நாய் உறுமுகிற மாதிரி கீழேயிருந்து கிளம்பியது. என்ன ஏது என்று ஜனங்கள் திரும்புவதற்குள் அங்கேயிருந்து ஒரே தாவாகத் தாவி, விசிலடிக்கிற மாதிரி உச்சிக்குப் போய் நின்றது. மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்துவிட்டன. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். கீபோர்டில் இருந்த ரைமண்ட் மாஸ்டர் கையை எடுத்துவிட்டார். சாமியார் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றார். அதற்குத்தான் செமினரியில் அத்தனை வருஷம் படிக்கிறார்கள்.

பூசை முடிந்ததும் ரைமண்ட் மாஸ்டர் வந்தார்.

"என்னம்மா ஜெசி, அது?"

"தெரியாம வந்துட்டு மாஸ்டர். வீட்டுல வேற ஒண்ணு பிராக்டிஸ் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"சரி. ரெண்டு மூணு மாசம் ரெஸ்ட் எடு."

ஆக, வீட்டில் தொண்டை ஓய்வில் இருப்பவர்கள் இப்போது இரண்டு பேர். என் மனைவி ஸ்டெல்லா வீடு வரைக்கும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே வந்தாள். கதவைச் சாத்தியதும் என்னைப் பார்த்து, "உங்க ரத்தம்லா!" என்றாள். பேச்சுக்குப் பதிலாக வாங்கி வைத்திருக்கும் சிலேட்டில் நான் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். சிலேட்டில் சண்டை போட முடியாது. எதிராளி நின்று வாசிக்க வேண்டுமே.

ஏப்ரல் 22, செவ்வாய்

அந்த "வேற ஒண்ணு" என்னவென்று இன்று கேட்டேன். அதாவது எழுதிக் காட்டினேன்.

ஜெசி போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டாள். மாம்போ. கியூபாப் பக்கத்து ஆட்டப் பாட்டாம். டிரம்பெட்டும் மேளமும், நம் ஊர்க் கல்யாண பேண்ட் செட்டுக்காரர்கள் குடித்துவிட்டும் தவறில்லாமல் வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி. அதற்கு மேலே ஒரு பொம்பளை. பெயர் ஒலிம்பியா வர்கா. நாடக மேடைகளில் பெரிய சொப்ரானோவாக இருந்தவள், என்ன நினைத்தாளோ, மாம்போ இசைத்தட்டு நாலைந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பாட்டில் வார்த்தையே இல்லை. முதலில் புலி. பிறகு பொம்பளை. பிறகு குருவி. கடைசியில் பிரஷர் குக்கர். எல்லாம் ஒரே மூச்சில்.

"யப்பா, இது ஒரே ஆளு" என்றாள் ஜெசி.

நம்பமாட்டேன் என்று சிலேட்டில் எழுதினேன்.

"சத்தியமா. மேல விசில் மாதிரி வருதுலா, அது எனக்கு வந்துட்டு. குரல்நாணோட ஓரம் மட்டும் துடிக்கணும், அவ்வளவுதான். கீழதான் வர மாட்டேங்குது. கீழ போனா என் சத்தம் காத்தா போயிருது."

எனக்கும்தான் என்று எழுத நினைத்தேன். சிலேட்டில் இடமில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது என்பது ஒரு வகையில் நல்லது.

தடைக்காலத்திலும் சின்ன வள்ளங்கள் கடலுக்குப் போகும். அந்த மீனை என் மைத்துனன் கிளாட்வின் ஏலம் விடுகிறான். ஸ்டெல்லாவின் தம்பி. கையில் ஒரு மைக் வைத்திருக்கிறான், கட்சி ஊர்வலத்தில் பிடிப்பார்களே, அந்த மாதிரி. வேடிக்கை பார்க்கப் போனேன். பழக்கம், வேறென்ன.

ஒரு கூடை சூடை மீன். கிளாட்வின் சொன்ன விலை ரொம்பக் குறைவு. "அட, இதென்னடா அநியாயம்" என்று நான் தலையை ஆட்டினேன். ஏலத்தில் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று இந்தத் துறைமுகத்துக்கே சொல்லிக் கொடுத்தவன் நான்.

"அத்தான் கேட்டாச்சு!" என்றான் மைக்கில்.

கையை வீசி இல்லை என்றேன்.

"அத்தான் ஏத்திக் கேக்காக!"

இரண்டு கையையும் வீசினேன். இன்னும் ஏறியது. பக்கத்தில் நின்றவர்கள், ஏலக்காரனே இப்படி விழுந்து விழுந்து கேட்கிறான், மீனில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று ஏற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று நான் இன்னொரு தடவை கையை வீச, அதற்கும் விலை ஏறியபிறகுதான் அசையாமல் நின்றேன். கூடை என் தலையில் விழுந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

சூடைக் குழம்பு. காலையில் சூடை அவியல், மதியம் சூடைப் பொரியல். ஸ்டெல்லா பாக்கியை உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். பேச முடிந்திருந்தாலும் இன்றைக்குப் பேசியிருக்கமாட்டேன்.

மே 2, வெள்ளி

வாய்ப்பூட்டை அவிழ்த்தார்கள், கொஞ்சமாக. டாக்டரம்மா ஒரு பயிற்சி கொடுத்தார். டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஸ்ட்ரா, ஸ்ட்ரா வழியாக "ஊ" என்று சத்தம் கொடுத்துக் குமிழி விடவேண்டும். தொண்டை இறுகாமல் குரல் வெளியே வரப் பழகுமாம். நான் சின்ன வயதில் இதைச் செய்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது இதற்கு ஃபீஸ்.

வீட்டுக்கு வந்து செய்து காட்டினால், ஜெசி சிரிக்கிறாள். "யப்பா, இதத்தான் நான் ஒரு வருஷமா செய்யுதேன்." உள்ளே போய் அவள் டம்ளரைக் கொண்டுவந்தாள். எதிரெதிரே உட்கார்ந்து குமிழி விட்டோம். ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு, "எரும மாடு ரெண்டு குட்டையில கெடக்க மாதிரியே இருக்கு" என்றாள்.

மே 9, வெள்ளி

பேச்சு வந்துவிட்டது. வந்தது என்னுடையதுதானா என்று தெரியவில்லை. சாமான் கடையில் அரைக் கிலோ உளுந்து கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

ஜெசி வாத்தியார் வேலையை எடுத்துக்கொண்டாள். ஒலிம்பியா எப்படிப் பாடுகிறாளோ அப்படித்தான் நான் பேசவேண்டுமாம்.

"கொட்டாவி விடுங்க. அந்தக் கொட்டாவியோட 'ஆ' சொல்லுங்க."

கொட்டாவி விட்டேன். தூக்கம் வந்தது.

"தோளத் தூக்காதீங்க. மூச்சு இடுப்பச் சுத்தி போகணும். பெல்ட் இறுகுது பாருங்க, அங்க."

"பெல்ட் எப்பமும் இறுகத்தான் செய்யுது."

"யப்பா!"

"சரிட்டி, சரி."

"கழுத்து நரம்பு பொடச்சா தப்பு. ஒலிம்பியா பாடுத வீடியோ ஒண்ணு கெடக்கு. புலி மாதிரி உறுமுதா, கழுத்துல போட்ட முத்துமால கூட அசையல."

கண்ணாடியில் பார்த்தேன். "வஞ்சிரம்" என்று சொல்லக்கூட என் கழுத்து முருங்கைக்காய்க் கட்டாகிறது. இந்தக் கழுத்தோடு இத்தனை வருஷம் கூவியிருக்கிறேன். கட்டி ஒன்றுதான் வந்தது என்பதே அதிசயம்.

மே 15, வியாழன்

சென்னையில் ஒரு சங்கீதப் பள்ளிக்கு ஜெசி விண்ணப்பித்திருந்தாளாம். நேரில் வந்து பாடிக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் 16, திங்கள், காலை பதினொரு மணி. தயார் செய்த பாட்டு ஒன்று, பிறகு நமக்குப் பிடித்தது ஒன்று.

அன்றுதான் கடலும் திறக்கிறது. தடை முந்தின நாளே முடிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் வலை இறக்கமாட்டார்கள். திங்கள்தான் முதல் மீன்பாடு, முதல் ஏலம்.

சாப்பிடும்போது ஸ்டெல்லா ரயில் டிக்கெட் பற்றிப் பேசினாள். ஜெசி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடித்தால்கூடப் பார்க்கிறாள். மீன் முள்ளைக் கூட நிம்மதியாக விழுங்க முடியவில்லை.

மே 21, புதன்

இன்று ஜெசி வீட்டையே தலைகீழாக்கினாள். "கண்டுபிடிச்சிட்டேன்" என்று கத்திக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்தாள். பெண்பிள்ளை எவனையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று ஸ்டெல்லா மாதா படத்தைப் பார்த்தாள்.

கண்டுபிடித்தது இதுதான். ஒலிம்பியாவின் புலி உறுமல் பெரிய சத்தமே இல்லை. சின்னச் சத்தம். மைக்குக்கு ஒட்டினாற்போல் வந்து, மெல்ல, நிதானமாக உறுமியிருக்கிறாள். மைக் அதைப் புலியாக்கிவிட்டது. உச்சிக்குப் போகும்போது பின்னால் நகர்ந்திருக்கிறாள். "மூச்சு சத்தம் கூட கேக்குது பாருங்க. உதடு பிரியிறது கேக்குது. கத்துனா அது கேக்குமா? நான் இங்கேயிருந்து கத்திக் கத்திக் கீழ தேடிக்கிட்டு இருந்திருக்கேன். லூசு."

"அப்ப அவ ஏமாத்திருக்கா."

"ஏமாத்தல யப்பா. அதுதான் வித்த. கிட்ட வந்து உறுமணும், தள்ளி நின்னு கூவணும்."

என்னை போனில் உறுமச் சொன்னாள். போனை வாயோடு வைத்து மெல்லமாக, "விள மீன், விள மீன்" என்றேன். திருப்பிப் போட்டால், சேசுவே, பாதாளத்திலிருந்து எவனோ விளை மீன் விற்கிறான்.

நல்ல வேடிக்கைதான். ஆனால் துறைமுகத்தில் என் வாய்க்கு முன்னால் மைக் எங்கே இருக்கிறது? எதிரே நிற்பது வியாபாரிகள், லாரி ஹாரன், ஐஸ் உடைக்கிற மிஷின். அங்கே உறுமினால் நண்டுக்குக் கூடக் கேட்காது.

மே 28, புதன்

டாக்டரம்மா கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். "சுத்தமா ஆறியிருக்கு. பேசுங்க. ஆனா கத்தினா திரும்ப வரும்."

"ஏலம் போடணுமே மேடம்."

"கத்தாம ஏலம் போடுங்க."

நீந்தாமல் கடலுக்குப் போ என்கிற மாதிரி. சரி மேடம் என்றேன். கொட்டாவிக் குரலில்தான் சொன்னேன், ரொம்ப அழகாக வந்தது.

ஜூன் 3, செவ்வாய்

கிளாட்வின் வந்தான். கை மைக்கையும் எடுத்துவந்தான், காப்பி குடிக்கவும் அது வேண்டும் போல.

"அத்தான், இந்த சீசன் நான் பாத்துக்கிடுதேனே. நீங்க சும்மா சேரப் போட்டு உக்காருங்க."

"ஏன் மாப்ள, எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. லெம்பேர்ட் முதலாளிதான் கேட்டாரு, ரெமி கூவுவானா மாட்டானான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலாம்னேன்."

எல்லோரும் டாக்டருக்குப் படித்துவிட்டார்கள். சாயங்காலம் நானே முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன். முகத்துக்கு நேரே, "மொத நாள் பாப்போம் ரெமி. கூவினா ஏலம் ஒனக்குத்தான். இல்லேன்னா கிளாட்வின்ட்ட விட்டிருதேன். எனக்கும் போட் ஓடணும்லா" என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. சொல்ல ஆசையாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

இன்று செய்யாத குற்றத்துக்குக் கரண்டியால் அடி வாங்க இருந்தேன்.

மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து ஸ்ட்ராவில் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன். ஜெசி மாடியில், காதில் ஹெட்போன். ஒலிம்பியாவைத்தான் கேட்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திடீரென்று அடுக்களையில் ஒரு சத்தம்: "ஏய், கணவாய் கணவாய் கணவாய்! பாத்துக் கேளுங்கடே, கண்ண மூடிக் கேக்காத! ஒரு தரம்ம்ம்!"

என் சத்தம். பழைய சத்தம்.

ஸ்டெல்லா குழம்புக் கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "கத்தாதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்!" வந்து பார்த்தால் நான் வாயில் ஸ்ட்ராவோடு உட்கார்ந்திருக்கிறேன். அடுக்களையிலிருந்து இன்னொரு நான் "ரெண்டு தரம்" என்கிறேன். அவள் அந்தக் கரண்டியாலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முகத்தில் குழம்பு.

ஒன்றுமில்லை. ஜெசியின் போன் ஹெட்போனை விட்டுவிட்டு அடுக்களையில் இருக்கும் ப்ளூடூத் பெட்டியோடு சேர்ந்துகொண்டது. ஜெசி தடதடவென்று இறங்கி வந்து அதை அணைத்தாள்.

"எப்ப எடுத்தது இது?"

"போன வருஷம். உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன்லா, அப்ப."

"எதுக்கு?"

"கீழ எறங்கத்தான். ஒலிம்பியா புலி மாதிரி பண்ணுதாளே, அது எனக்கு அந்நியமா இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச புலி இதுதான்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் குமிழி விட்டேன். டம்ளர் கொஞ்சம் ஆடியது. மேஜைக் கால் ஒன்று குட்டை, ரொம்ப நாளாகவே சரிசெய்யவேண்டும் என்று இருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

ஜெசி சென்னைக்குப் போகமாட்டாளாம். திங்கட்கிழமை எனக்குப் பதிலாக அவள் நின்று ஏலம் கூவுவாளாம். "எனக்கு உங்க கூவல் முழுசும் மனப்பாடம். விசிலும் வரும். லெம்பேர்ட் அங்கிள் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நீ அங்க போய்ப் பாடுட்டி."

"அடுத்த வருஷம் போவேன்."

"அடுத்த வருஷம் கூப்பிடுவான்னு எழுதிக் குடுத்திருக்கானா?"

"உங்களுக்கு முடியாம நான் போய் அங்க என்னத்தப் பாட? வாயே வராது."

"எனக்கு முடியும்."

"அப்ப கூவிக் காட்டுங்க."

"டாக்டரம்மா திங்கள் வரைக்கும் கூடாதுன்னுட்டாக." டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. திங்களுக்குப் பிறகும் கூடாது என்றுதான் சொன்னார்.

ஸ்டெல்லா நடுவே புகுந்தாள். "டிக்கெட் எடுத்தாச்சு. ஞாயிற்றுக்கிழம நானும் அவளும் ரயிலேறுதோம். ரயிலடியில வச்சு இவுக கூவட்டும். கூவுனா போவோம், இல்லேன்னா எறங்கிருவோம்." என்னிடம் கேட்காமலே ஏலம் முடித்துவிட்டாள். ரத்தம் யாருடையது என்று இனிமேல் அவள் பேசக்கூடாது.

ஜூன் 14, சனி

கொட்டாவி. குமிழி. இடுப்பு மூச்சு. ஜெசி இல்லாத நேரம் பார்த்து மாடியில் "ஒரு தரம்" சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகூடத் திரும்பவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரயிலடி. ஜெசியும் ஸ்டெல்லாவும் பெட்டியின் வாசலில். நான் பிளாட்பாரத்தில். சென்னையில் இருக்கும் மதினிக்கு வாங்கிய மக்ரூன் டப்பா என் கையில்.

"கூவுங்க" என்றாள் ஜெசி. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

சிமெண்ட் பெஞ்சில் ஏறினேன். கொட்டாவி, இடுப்பு, முத்துமாலை அசையாத ஒலிம்பியா எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த வழியாகப் போனால் அவளுக்குக் கேட்காது. பத்தடி தள்ளி நிற்கிறாள், பக்கத்தில் எஞ்சின் இரைகிறது, அவள் பார்ப்பதோ என் வாயை. அதனால் தெரிந்தே பழைய பாதையில் ஏறினேன்.

"ஏய், மக்ரூன் மக்ரூன் மக்ரூன்! தூத்துக்குடி மக்ரூன்! முந்திரி பாத்துக் கேளுங்கடே, கண்ண மூடிக் கேக்காத!"

பிளாட்பாரம் முழுக்கத் திரும்பியது. டீக்காரர் கேத்தலைக் கீழே வைத்தார். மகனை ஏற்றிவிட வந்த ஒரு தொந்திக்காரர் என்ன நினைத்தாரோ, "நூறு!" என்றார். டிக்கெட் பரிசோதகர், "நூத்திருவது!" என்றார். கோட்டுப் போட்டவர் ஏலம் கேட்டு அன்றுதான் பார்க்கிறேன். தொந்திக்காரர் விடவில்லை.

"ஒரு தரம்ம்ம்! ரெண்டு தரம்ம்ம்!" கீழே இறங்கினேன், புலி வரைக்கும். அங்கேயிருந்து ஒரே தாவு. "மூணு தரம்ம்ம்!" மேலே என்னமோ கிழிந்த மாதிரி இருந்தது. சத்தம் கூரைத் தகரத்தில் போய் அடித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஜெசி சிரித்தாள். பிறகு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு கீழே வைத்த காலை எடுத்து உள்ளே வைத்தாள். ரயில் நகர்ந்தது. ஸ்டெல்லா மட்டும் ஜன்னல் வழியாக, "ஐயோ, அது மதினிக்கு வாங்கினதுலா!" என்று கத்திக்கொண்டே போனாள்.

தொந்திக்காரர் பணத்தை நீட்டி, "சார், நீங்க வருஷத்துக்கு எத்தன தடவ இங்க வருவீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

ஜூன் 16, திங்கள்

காலையில் எழுந்து "ஸ்டெல்லா" என்றேன், அவள் ஊரில் இல்லை என்று தெரிந்தேதான். கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒன்று வந்தது. டம்ளரில் குமிழி விட்டேன். மத்தியானத்துக்குள் கிறீச்சு கொஞ்சம் உறுமலானது. அதற்கு மேல் அசையவில்லை.

பொழுது சாயும்போது லெம்பேர்ட் முதலாளியின் முதல் போட் கரைக்கு வந்தது. கணவாயும் இறாலும் மலை மாதிரி. அந்தப் பக்கம் வேறொருத்தர் போட்டின் கூறில் கிளாட்வின் கை மைக்கோடு நிற்கிறான். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நடுவில். வியாபாரிகள் என் வாயைப் பார்க்கிறார்கள், ஜெசியைப் போலவே. ஐஸ் மிஷின் வேறு.

என்னிடம் இருப்பது கையளவு உறுமல். அதைக் கொண்டு கூவ முடியாது. அப்போதுதான் அந்தப் பொம்பளை நினைவுக்கு வந்தாள். மைக் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே? காதைக் கிட்டே கொண்டுவந்தால் போயிற்று.

விரலை ஆட்டி, "கிட்ட வாங்கடே" என்றேன்.

முன்னால் நின்றவர் காதில் கையை வைத்தார். "என்னது?"

"கிட்ட வா."

இரண்டு பேர் வந்தார்கள். குனிந்தார்கள். "என்ன ரெமி, பாவசங்கீர்த்தனம் கேக்கப்போறியா?"

"ஆமா. மொதல்ல போன சீசன்ல எடையில ஏமாத்துனதச் சொல்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்று தெரியாதவர்கள் நெருங்கினார்கள். நான் இடுப்பில் மூச்சை வாங்கி, கழுத்தைத் தளர்த்தி, கொட்டாவிக்குள்ளிருந்து மெல்ல ஆரம்பித்தேன். "கணவாய்... கணவாய்... பாத்துக் கேளு..." தலைகள் ஒன்றோடொன்று முட்டின. பின்னால் இருந்தவன், உள்ளே ஏதோ ரகசியமாகச் சல்லிசு விலைக்குப் போகிறது என்று இடித்துக்கொண்டு நுழைந்தான். "சத்தம் போடாதடே, கேக்கல" என்று அவர்களே ஒருத்தரையொருத்தர் அதட்டினார்கள். யாரோ ஒருவன் போய் ஐஸ் மிஷினை நிறுத்தினான். என் வாழ்நாளில் அந்த மிஷின் யாருக்காகவும் நின்றதில்லை.

கிளாட்வினின் கூறில் ஆள் குறைந்தது. அவன் மைக்கைத் திருகினான். அது ஊளையிட்டது. மிச்சமிருந்தவர்களும் காதைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள்.

ஒரு தரம். உறுமல். இரண்டு தரம். அதைவிடக் கீழே. மூன்றாவதுக்கு வழக்கப்படி தாவவேண்டும். பின்னால் ஓரடி நகர்ந்து தாவினேன். வந்தது எலிக்குஞ்சுக் கீச்சு. ஒலிம்பியா கேட்டிருந்தால் கேஸ் போட்டிருப்பாள். மொத்தக் கூட்டமும் விழுந்து சிரித்தது. ஆனால் விலை முடிந்துவிட்டது. பக்கத்துக் கூறைவிட நல்ல விலை.

மூன்று போட்டையும் அப்படியே முடித்தேன். போகும்போது லெம்பேர்ட் முதலாளி சொன்னார்: "இப்பிடியே போடு ரெமி. இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் காது வலிக்காம வீட்டுக்குப் போறேன்."

வீட்டுக்கு வந்ததும் ஜெசியின் செய்தி, அவள் குரலிலேயே. தயார் செய்த பாட்டு நன்றாகப் போனதாம். பிடித்த பாட்டு கேட்டபோது மாம்போவைப் பாடினாளாம். "மைக்குக்குக் கிட்ட போயி உங்க 'கணவாய் கணவாய்'லேர்ந்து கெளம்புனேன் யப்பா. பரீட்சை எடுக்க வந்தவர் சேர் கொஞ்சம் பின்னால போச்சு. முடிவு ரெண்டு வாரத்துல சொல்லுவாங்க. நீங்க எப்பிடிக் கூவுனீங்க? எழுதாதீங்க. பேசி அனுப்புங்க."

போனை உதட்டோடு வைத்துக்கொண்டேன். மூச்சு இடுப்பில். "எல்லாம் ஜம்முனு முடிஞ்சுது ஜெசி. மூணு போட்டும் நம்மதுதான். தொண்டைக்கு ஒண்ணுமில்ல." திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். சிங்கம். அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எழுத்தில் பதில் வந்தது.

"மைக் டெக்னிக் பிரமாதம். தொண்டை போச்சுன்னு நேத்தே தெரியும். மூணாவது தரத்துல கிழிஞ்சது ரயிலுக்குள்ள கேட்டுச்சு. எறங்கத்தான் பாத்தேன். ஆனா எனக்காக இவ்வளவு மட்டமா யாரும் பாடினதில்ல, அதான் போனேன். டாக்டர்ட்ட ரயில்ல இருந்தே கேட்டுட்டேன். நாளையிலேர்ந்து ஒரு வாரம் பேசக்கூடாது. சிலேட்டு அலமாரிக்கு மேல இருக்கு. அம்மா கேக்காங்க, மக்ரூன் காசு எங்க?"

ஜூன் 17, செவ்வாய்

பேசக்கூடாது.

காலையில் லெம்பேர்ட் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு வாரம் பேசக்கூடாதாம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். நின்று முழுசாக வாசித்த முதல் ஆள் அவர்தான். "சரி, இந்த வாரம் கிளாட்வின் வாயி, உன் ஏலம். நீ நடுவுல வந்து நில்லு. சம்மதமா?"

தலையாட்டினேன். இந்தத் தடவை தெரிந்தேதான் ஆட்டினேன்.